அம்மாயியின் கைநாட்டு



இந்தப் பட்டமளிப்பு விழா மண்டபத்துக்குள் நுழையும்போதே பின்வரிசைகளைப் பார்த்தேன். அழைப்பிதழில் 'பெற்றோர்' என்று அச்சிட்டிருந்த இடத்துக்குச் சிலருக்கு அம்மாவைப் பெற்ற அம்மாயி வந்திருக்கிறார், சிலருக்குப் பெரியம்மா வந்திருக்கிறார். சேலைத் தலைப்பைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு, கைதட்டலாமா கூடாதா என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். இன்று பட்டம் பெறும் நீங்கள் சமூகப்பணி படித்தவர்கள். அதனால் இன்றைய பேச்சு முழுவதும் அவர்களைப் பற்றியதுதான்.

நான் மடுல்சீமைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவள். அப்பா சின்ன வயதிலேயே தவறிவிட்டார். எனக்கு ஆறு வயதில் அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். அதன்பிறகு என்னையும் தம்பியையும் வளர்த்தது அம்மாயி. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகும் வழியில் தம்பியைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் விடுவார். மத்தியானம் கொழுந்து நிறுத்த பிறகு ஓடிவந்து பார்த்துவிட்டு மறுபடி மலைக்குப் போவார். பிள்ளைகளில் ஒன்றுக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். ஊவாவில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் தேயிலைக்கு மணம் கூடும், உலகச் சந்தையில் விலையும் கூடும். மலையில் கொழுந்து குறையும், வீட்டில் பேரும் குறையும். அந்த மாதங்களில் அம்மாயி இரவுச் சாப்பாட்டுக்கு எங்களோடு உட்கார மாட்டார். "நான் அப்பவே சாப்பிட்டேன்" என்பார்.

என்னைப் பாடசாலையில் சேர்க்கப் போன காலை நன்றாக நினைவிருக்கிறது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் படிவத்தைப் பார்த்துவிட்டு, பெற்றவர்கள் கையெழுத்து வேண்டும் என்றார். "நாந்தாங்க ஐயா வளக்குறேன்" என்றார் அம்மாயி. "வளக்குறதுக்கு எழுத்து இருக்கா?" என்று அவர் கேட்டார். அம்மாயிக்குப் பதில் தெரியவில்லை. கடைசியில் இரக்கப்பட்டுக் கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். மையில் தொட்டு அழுத்தினார். ரேகை விழவில்லை. மறுபடி அழுத்தினார், ஒரு கறுப்புப் பொட்டுத்தான் விழுந்தது. நாற்பது வருடம் கொழுந்து கிள்ளித் தேய்ந்த விரல் அது.

அந்த 'எழுத்து' என்பது நம் நாட்டுச் சட்டத்தில் அப்போதே இருந்தது. 1939-ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளையை ஒரு 'தகுந்த ஆளிடம்' ஒப்படைக்க நீதிமன்றம் கட்டளையிடலாம். அந்த ஆள் உறவினராகவும் இருக்கலாம், உறவே இல்லாதவராகவும் இருக்கலாம். வெளிநாடுகளில் வளர்ப்புக் குடும்பம் என்று பெரிதாகப் பேசப்படுவதற்கு இலங்கையில் மிக நெருங்கிய சட்ட ஏற்பாடு அதுதான். நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து பார்த்து, அறிக்கை எழுதி, நீதவான் முன் வைத்திருந்தால் அம்மாயியின் கையில் அந்தக் காகிதம் இருந்திருக்கும். ஆனால் எங்கள் லயத்துக்கு அப்படி ஒருவர் வரவில்லை. சட்டம் எழுதி அரை நூற்றாண்டு கடந்திருந்தது.

இன்று உங்களிடம் நான் சொல்ல வந்தது இதுதான். மலையகத்தில் வளர்ப்புக் குடும்பம் என்ற ஒன்றைப் புதிதாக உண்டாக்கத் தேவையில்லை. அது ஏற்கெனவே இருக்கிறது, காலங்காலமாக இருக்கிறது. அதற்குத் தோள் கொடுக்க ஆளில்லை என்பதே குறை.

2013-இல் வெளிநாட்டு வேலைக்குப் போகும் தாய்மாருக்குக் குடும்பப் பின்னணி அறிக்கை கட்டாயமாக்கப்பட்டது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போக முடியாது என்றார்கள். 2022-இல், பொருளாதார நெருக்கடி நேரத்தில், அந்த வயதை இரண்டாகக் குறைத்தார்கள். பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார் என்ற கேள்விக்கு அறிக்கையில் பதில் எழுத வேண்டும். அங்கே எழுதப்படுவது பெரும்பாலும் ஓர் அம்மாயியின் பெயர். விமானம் ஏறும்வரைதான் அந்தப் பெயருக்கு மதிப்பு. அதன்பிறகு அந்தக் கிழவிக்கு மூட்டுவலி வந்ததா, பேத்தி பெரிய மனுஷியானபோது வீட்டில் துணைக்கு யார் இருந்தார், அம்மா அனுப்பிய காசு வந்து சேர்ந்ததா என்று கேட்க எந்தப் படிவமும் இல்லை. தாயைத் தடுத்து நிறுத்த எடுத்த அக்கறையில் பாதியை, வீட்டில் இருந்து வளர்ப்பவருக்கு உதவுவதில் காட்டியிருக்கலாம்.

அப்படி உதவாவிட்டால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அம்மாயி படுத்துவிட்டால் பிள்ளை சிறுவர் இல்லத்துக்குப் போகும். உலகம் முழுவதும் இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் ஐந்தில் நால்வருக்காவது பெற்றோரில் ஒருவரேனும் உயிரோடு இருக்கிறார் என்று சேவ் த சில்ட்ரன் அமைப்பு 2009-இல் எழுதியது. அந்தப் பிள்ளைகளை 'அநாதை' என்று சொல்ல நமக்கு வாய் வரக் கூடாது. வறுமைதான் அவர்களை வாசலுக்கு வெளியே தள்ளியது. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு ஓர் ஆய்வு நடந்தது. இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். இரண்டு வயதுக்கு முன்பே குடும்பத்துக்குப் போன குழந்தைகள் தாய்போன்ற ஒருவரிடம் ஒட்டிக்கொள்வதில் மிக நல்ல முன்னேற்றம் கண்டார்கள். இந்த ஆய்வைச் சொல்பவர்கள் அடிக்கடி விட்டுவிடும் ஒரு செய்தி உண்டு: அந்தக் குடும்பங்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்தார்கள், சமூகப்பணியாளர்கள் விடாமல் போய்ப் பார்த்தார்கள். அன்போடு காசும் ஆளும் சேர்ந்திருந்தன.

தமிழ்நாட்டில் 2025 செப்டம்பரில் தொடங்கிய 'அன்புக் கரங்கள்' திட்டம், பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைக்கு 18 வயதுவரை மாதம் 2,000 ரூபாய் கொடுக்கிறது. இந்திய நடுவண் அரசின் சிறுவர் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வத்சல்யாவில் அது 4,000 ரூபாய். இங்கே இலங்கையில் நன்னடத்தைத் திணைக்களத்தின் 'செவன சரண' திட்டம் இருக்கிறது. பிள்ளை தன் வீட்டிலேயே இருக்க, கொடையாளர் ஒருவர் மாதந்தோறும் உதவுகிறார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கொடையாளரின் மனத்தை நம்பி ஒரு பிள்ளையின் பசி இருக்கக் கூடாது. அது அரசின் வரவு செலவில் ஒரு வரியாக வரவேண்டும்.

உறவு வளர்த்தாலே போதும், எல்லாம் நல்லபடி நடக்கும் என்றும் நான் சொல்லவில்லை. "நல்ல எடம், பிள்ளை மாதிரி வச்சிருப்பாங்க" என்று சொல்லி அழைத்துப்போன பிள்ளைகளை நமக்குத் தெரியும். 2021 ஜூலையில், டயகமையிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன 16 வயதுச் சிறுமி தீக்காயங்களோடு இறந்தாள். எழுத்தும் இல்லாமல், போய்ப் பார்க்க ஆளும் இல்லாமல் ஒரு பிள்ளை கைமாறினால் அதற்குப் பெயர் வளர்ப்பு அல்ல. கடல் கடந்து தத்துப் போனவர்களின் கதையும் அப்படித்தான். 1973 முதல் 1997 வரை சுவிட்சர்லாந்துக்குப் போன 881 இலங்கைப் பிள்ளைகளின் கோப்புகளில் முறைகேடுகள் இருந்ததை ஒப்புக்கொண்டு, அந்த அரசு 2020 டிசம்பரில் வருத்தம் தெரிவித்தது. அந்தப் பிள்ளைகள் இன்று நடுவயதில் இங்கே வந்து தாயைத் தேடுகிறார்கள். தத்தெடுப்புக்கான 1941-இன் மகவேற்புக் கட்டளைச் சட்டம் அப்போதும் நடைமுறையில் இருந்தது. தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, பிள்ளையை நீங்களே வச்சுக்க என்ன வேணும்?" என்று கேட்ட ஆள்தான் இருக்கவில்லை.

தத்தெடுத்த வீடுகளுக்கும் உங்கள் துணை வேண்டும். நீதிமன்றக் கட்டளை கிடைத்ததும் கோப்பை மூடிவிடுகிறோம். லயத்தில் இரகசியம் நிற்காது. பத்து வயதுப் பிள்ளைக்கு அது தத்துப்பிள்ளை என்ற சேதி பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது யாரோ ஒருத்தி வாயிலிருந்து வரும். அதற்கு முன்பே தாயும் தகப்பனும் மடியில் வைத்துச் சொல்லிவிட வேண்டும். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவர்கள் வருடக்கணக்காகத் தவிக்கிறார்கள்.

பேரிடர் நேரத்திலும் பிள்ளைகளைத் தாங்குவது உறவுகள்தான். 2014 அக்டோபர் 29 காலை, நம் பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள். திரும்பிப் போக லயம் இருக்கவில்லை, சிலருக்குத் தாய் தகப்பனும் இருக்கவில்லை. அன்றிரவே சித்தியும் மாமனும் அடுத்த தோட்டத்து அத்தையும் வந்து, "எங்க பிள்ளைய நாங்க பாத்துக்குறோம்" என்று நின்றார்கள். அவர்களுக்கும் ஒற்றைக்காம்பராதான். 2025 நவம்பரில் டித்வா புயல் இந்த மலைகளை உருட்டியபோதும் அதே உறவுகள்தான் கதவைத் திறந்தன. மழை விட்ட பிறகு அந்தக் கதவுக்குள் போய்ப் பார்க்க வேண்டியவர்கள் நீங்கள்.

நாளை நீங்கள் பசறையிலோ லுணுகலையிலோ வேறெந்தப் பிரதேச செயலகத்திலோ உத்தியோகம் ஏற்பீர்கள். கோப்பு எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனால் வாசலில் நின்று பேசிவிட்டு வராதீர்கள். உள்ளே போய் உட்காருங்கள், கொடுக்கும் தேத்தண்ணியைக் குடியுங்கள். பிள்ளையைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் வளர்ப்பவரின் உடம்பைப் பற்றிக் கேளுங்கள். நீதிமன்றத்துக்குப் போவதென்றால் அவருக்கு ஒரு நாள் பேர் போகும் என்பதை நினைவில் வைத்து, திகதியை அவரைக் கேட்டுக் குறியுங்கள். வருவதாகச் சொன்ன நாளில் போய் நில்லுங்கள்.

என் அம்மாயி இறந்து பதினொரு வருடமாகிறது. நானும் தம்பியும் படித்து ஆளானோம். எங்கள் இருவருக்கும் பாதுகாவலர் என்று அவர் பெயர் எந்த அரசாங்கப் பதிவேட்டிலும் இல்லை. நீங்கள் எழுதப்போகும் கோப்புகளில் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடாதீர்கள்.