பிக்மி எண் பணத்துக்கு மட்டுமா?

(மேலூர் பகுதி கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியதிலிருந்து)



நம்ம குழுவில் 200 ரூபாய் கட்டினால் பாஸ்புத்தகத்திலும் ஏறணும், லெட்ஜரிலும் ஏறணும். ஒன்றில் விட்டுப்போனால் கூட்டத்தில் எவ்வளவு சண்டை! ஆனால் வீட்டில் இருக்கும் கர்ப்பிணியின் கணக்கை யாரும் சரிபார்ப்பதில்லை.

கர்ப்பம் தெரிந்ததும் கிராம சுகாதார செவிலியர் கணினியில் பதிந்து 12 இலக்க எண் தருகிறார். அதைத்தான் பிக்மி எண் என்கிறோம். முத்துலட்சுமி ரெட்டி திட்டப் பணத்துக்கும், பிறப்புச் சான்றிதழுக்கும் அதைக் கேட்பதால், பணத்துக்கான எண் என்றே பலர் நினைத்துவிட்டோம்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? திருமங்கலத்தில் வாழ்க்கைப்பட்ட பெண் வளைகாப்பு முடிந்து மேலூருக்கு வருகிறாள். அங்கே பார்த்த செவிலியர் வேறு, இங்கே பார்க்கும் செவிலியர் வேறு. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர், பெரியாஸ்பத்திரி டாக்டர் எல்லோருக்கும் முதல் ஏழு மாதக் கதையைச் சொல்வது அந்தப் பதிவுதான்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன், ஊர் பேர் வேண்டாம். ஏழாம் மாதம் ஒரு பெண்ணுக்கு பிரஷர் 140/90-ஐத் தாண்டியிருந்தது. அட்டையில் எழுதினார்கள், கணினியில் ஏறவில்லை. அட்டையோ புகுந்த வீட்டு பீரோவில்! பதிந்திருந்த செல் நம்பர் கணவருடைய பழைய சிம். தாய்வீட்டுச் செவிலியர் எண்ணைப் போட்டுப் பார்த்தால் முந்தைய மாதங்கள் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தன. மாமியார் நம்ம குழு உறுப்பினர். அவர்தான் போன் போட்டு, "அன்னைக்கு பிரஷர் கூடன்னு சொன்னாங்கம்மா" என்றார். மறுபடி பார்த்தால் இன்னும் ஏறியிருந்தது. 108-ல் பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்க்கும் தன்னார்வலர்களில் நம்ம குழுப் பெண்கள் நிறைய. டவர் கிடைக்காவிட்டால் பதிவு என்ன பாடு படும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அதனால் பரிசோதனை முடிந்ததும், "சிஸ்டர், கம்ப்யூட்டரில் ஏத்தியாச்சா?" என்று கேளுங்கள். கேட்டால் கோபிக்க மாட்டார்கள். சிம் மாற்றினால் அன்றே சொல்லுங்கள். தாய்வீடு போகும்போது சேலையோடு அட்டையையும் பையில் வையுங்கள். தலைவலி, முகவீக்கம், கண் மங்கல் வந்தால் பதிவெல்லாம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே கிளம்புங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு, வீட்டில் கர்ப்பிணி இருப்பவர்கள் அட்டையைக் கொண்டுவாருங்கள். பாஸ்புத்தகத்தோடு அதையும் பார்த்துவிடுவோம்.