சமயம் என்னும் கட்டம்



இக்காலத்தில் கிறிஸ்தவனாக உண்மையோடு வாழ்வது எவ்வாறு என்று வினவினால், ஞாயிறு ஆராதனை, குடும்ப ஜெபம், தருமம் என்று நம்மிற் பலர் எடுத்துரைப்பர். அவை வேண்டுவனவே. ஆயினும் மும்பை மாநகரில், தாராவியிலும் செம்பூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு விசுவாசத்தின் சோதனை ஆலயத்திலே வருவதில்லை. அச்சிட்ட விண்ணப்பத் தாளிலே, பெயருக்கும் பிறந்த தேதிக்கும் கீழே, ‘சமயம்’ என்று குறித்த சிறு கட்டத்திலே வருகிறது. இன்று அக்கட்டத்தைக் குறித்தே பேச விரும்புகிறோம்.

1950-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஆணை ஒன்று வெளிவந்தது. பட்டியல் சாதியினர் யாவர் என்பதை வரையறுத்த ஆணை அது. இந்து சமயமல்லாத வேறு சமயத்தை மேற்கொண்டவர் எவரும் அப்பட்டியலில் இடம் பெறார் என்று அதன் மூன்றாம் பத்தி விதித்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் அவ்வாறு கதவு திறக்கவில்லை.

தாராவிக்கு இது ஏட்டுச் செய்தி அன்று. தோல் பதனிடும் தொழிலை நம்பித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து குடியேறிய ஆதிதிராவிடக் குடும்பங்கள் அங்கே பல. ஒரே தெருவிலிருந்து புறப்பட்டு, ஒரே தொழில் செய்து, ஒரே சாலில் அடுத்தடுத்த அறைகளில் வசிக்கும் சகோதரர் இருவரில் ஒருவர் ஞானஸ்நானம் பெற்றிருப்பார், மற்றவர் பெறாதிருப்பார். ஊரார் இருவரையும் ஒரே கண்ணால்தான் பார்த்தனர். தாள் மட்டும் இருவரையும் பிரித்தது.

அரசாங்கத் தாள்களை மொழிபெயர்ப்பதே நமக்குத் தொழில். ஆதலால் ஒரு சொல்லிடத்தில் சற்று அதிகமாகத் தங்கிவிடும் வழக்கம் நமக்குண்டு, நேயர்கள் பொறுத்தருள்க. ஆணையின் ஆங்கில மூலத்திலே ‘புரொஃபஸ்’ என்ற சொல் வருகிறது. 1962-ஆம் ஆண்டுத் தேர்தலையொட்டி நாக்பூர் வட்டாரத்தில் எழுந்த வழக்கொன்றில், வேட்பாளர் பௌத்தராகிவிட்டாரா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பிறர் அறியுமாறு வெளிப்படையாகக் கூறுவதே அச்சொல்லின் பொருள் என்று நீதிமன்றம் கண்டது. நம் தமிழ்க் கிறிஸ்தவ வழக்கில் இதற்கு ‘அறிக்கையிடுதல்’ என்று பழைய சொல் ஒன்று உண்டு. ஞாயிறுதோறும் நாம் எழுந்து நின்று ஆலயத்தில் செய்வது அதுவே. அங்கே அறிக்கையிடுவதற்குச் செலவில்லை. தாளில் அறிக்கையிடுபவர் தம் பிள்ளையின் கல்வி உதவித்தொகையையும் வேலைக்கான ஒதுக்கீட்டையும் கை நழுவ விடுகிறார்.

சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்துப் பிழைத்த சூசை என்பவரின் வழக்கு பலருக்கு நினைவிருக்கலாம். தொழிலாளருக்கு இலவசப் பெட்டிக்கடை வழங்கும் திட்டத்தில், கிறிஸ்தவர் என்ற காரணத்தால் அவருக்கு மட்டும் கடை கிடைக்கவில்லை. 1985-இல் உச்ச நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது. மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது. பழைய இழிவும் இன்னலும் அதே கடுமையோடு புதிய சமூகத்திலும் தொடர்கின்றன என்பதற்குச் சான்று வேண்டும் என்றது.

இடம்பெயர்ந்தோராகிய நமக்கு மற்றொரு வேலியும் உண்டு. ஒரு மாநிலத்துப் பட்டியல் சாதித் தகுதி, குடிபெயர்ந்தவரோடு வேறு மாநிலத்திற்குள் வருவதில்லை என்று 1990-இலும் 1994-இலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே 1950-க்குப் பின் வந்த இந்துத் தமிழரும் மகாராஷ்டிர அரசின் ஒதுக்கீட்டில் நிற்க இயலாமல் திரும்புகின்றனர். மத்திய அரசு வேலைக்குச் சொந்த ஊர்ச் சான்றிதழ் செல்லும். இளைஞர் பலர் அச்சான்றிதழைத் தேடித் திருநெல்வேலிக்கு ரயிலேறுவது அதனாலேயே.

இந்த நெருக்கத்தில் ஒரு வழக்கம் பிறந்தது. வீட்டிலும் ஆலயத்திலும் ஒரு பெயர். பள்ளிப் பதிவேட்டில் வேறொரு பெயர். மேல்நிலை எழுத்தர் பணிக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கோரிய புதுச்சேரிப் பெண்மணி ஒருவரின் வழக்கில், 2024 நவம்பரில், உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகச் சாடியது. குழந்தைப் பருவத்தில் ஞானஸ்நானம் பெற்று, ஆலயம் சென்று வந்தவர், சலுகைக்காக மட்டும் இந்து என்று கூறுவது அரசியல் சட்டத்தையே ஏய்ப்பதாகும் என்றது.

சட்டம் தன் வேலையைச் செய்தது. நம் வேலை வேறு. கட்டத்தில் ‘கிறிஸ்தவர்’ என்று எழுதி எதையும் இழக்காத குடும்பங்கள் நம்முள் பல. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வசதியாக வாழ்வோர் பலர் அத்தகையோர். இரு பெயர் கொண்ட தாராவிச் சகோதரனைக் கோழை என்று பேச இவர்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? நெருப்பருகே மும்முறை மறுதலித்த பேதுருவை நாம் நன்றாக நினைவில் வைத்திருக்கிறோம். சீரியப் படைத்தலைவன் நாகமானைத்தான் மறந்துவிடுகிறோம். அரசன் தன் கையில் சாய்ந்து ரிம்மோன் கோயிலில் பணியும்போது தானும் குனிய வேண்டியிருக்குமே என்று அவன் கலங்கிக் கேட்டான். எலிசா அவனைக் கடிந்துகொள்ளாமல் அமைதியோடு வழியனுப்பினார்.

இதனால் பொய்யெழுதுவது நன்று என்று கூறினோம் அல்லோம். உள்ளதை எழுதி, இழப்பை ஏற்று, அடுத்த நாள் பட்டறைக்குச் செல்லும் தந்தையர் உண்டு. அவரினும் சிறந்த விசுவாசியை நாம் அறியோம். அவர் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைச் சபை பகிர்ந்துகொள்ளவில்லையெனில், அவர் தியாகத்தைப் பிரசங்கத்தில் புகழ நமக்கு வாய் எழலாகாது.

1985-இல் நீதிமன்றம் கேட்ட சான்று வேறெங்கும் இல்லை, நம்மிடமே இருக்கிறது. வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த ஆலயத்திலே சாதிக்கொரு பக்கமாகப் பிரித்து நின்ற சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. அதை எதிர்த்து வழக்காடியோர் தோற்றனர். அதற்குப் பின்னும், திருச்சிராப்பள்ளி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் இறந்தோரைப் பிரிக்கும் சுவரைப் பற்றி ஏடுகள் பலமுறை எழுதின. இந்தச் சான்றைக் காட்டினால் நம் சகோதரனுக்கு உரிமை கிடைக்கக்கூடும். நம் சபைக்கு அவமானம். ஆதலால் சபையார் சிலர் மௌனம் காத்தனர். அந்த மௌனத்தை உண்மை வாழ்வு என்று நம்மால் அழைக்க இயலவில்லை.

2022 அக்டோபரில், முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இப்பொருளை ஆராய ஆணையம் ஒன்றை மத்திய அரசு அமைத்தது. மதம் மாறியோரின் நிலை பற்றி அது பலரிடம் கேட்டது. அத்தகைய கேள்வி நம்மிடம் வரும்போது, தாராவிச் சபையில் பெண் கொடுப்பதும் எடுப்பதும் எவ்வாறு நடக்கின்றன, ஊர்த் திருவிழாவில் தேர் எந்தத் தெருவோடு நின்றுவிடுகிறது என்பவற்றை ஒளியாமல் சொல்ல நம்முள் எத்தனை பேர் முன்வருவோம்?