மலையடிவாரத்து அண்டை வீட்டார்

(குனோங் ராபாட்டில் கூடிய தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றி எனக்கு முன் பேசியவர்கள் விளக்கமாகவே பேசிவிட்டார்கள். நான் எடுத்துக்கொண்ட விஷயம் வேறு. போன மாதம் கோப்பேங் சாலையோரத்தில் நானும் நம் தோழர் ஒருவரும் பெத்தாய் வாங்க நின்றோம். விற்றவர் ஒரு மலைவாசிப் பெரியவர். நம் தோழர் காசை நீட்டிக்கொண்டே, "இந்த சாக்காய்களுக்குக் கணக்குத் தெரியுமா?" என்று என்னிடம் தமிழில் கேட்டுச் சிரித்தார். பெரியவர் காசை எண்ணிப் பார்த்துவிட்டு, "இருபது காசு குறையுது தம்பி" என்றார், தமிழில்! (சிரிப்பு) ஒரு தோட்டத்தில் நம்மவர்களோடு பல வருஷம் புல் வெட்டினவராம். நம் தோழர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நானும் வெட்கப்பட்டேன். அந்தச் சொல்லை என் வாயும் சொன்னதுண்டு.

'சாக்காய்' என்பது அடிமை என்ற பொருளில் வழங்கிய வசைச்சொல். நம்மைக் 'கூலி' என்றும் 'கிளிங்' என்றும் அழைத்தால் எப்படிச் சுடுகிறதோ, அப்படித்தான் அவர்களுக்கும். ஓராங் அஸ்லி, அதாவது இந்நாட்டின் ஆதிமக்கள், என்று சொல்லுங்கள். அதிலும் அந்தப் பெரியவர் செமாய் இனத்தவர். மலைவாசிகள் என்றால் எல்லாரும் ஒரே கூட்டம் என்று நினைக்கிறோமே, அது தவறு.

தீபகற்ப மலேசியாவில் அவர்கள் 18 இனங்கள். மொத்த ஜனத்தொகை ஏறக்குறைய 2 லட்சம். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பகாங், பேரா ஆகிய இரண்டே மாநிலங்களில் வாழ்கிறார்கள். நம் ஊரில் நின்று கிழக்கே பாருங்கள். சுண்ணாம்புக் குன்றுகளுக்கு அப்பால் தித்திவாங்சா மலைத்தொடர். அதில் கோப்பேங், கம்பார், தாப்பா பக்கமெல்லாம் செமாய் மக்கள். இருக்கிற இனங்களில் பெரியது அதுதான். சுங்கை சிப்புட்டுக்கு மேலே கிரிக் வரைக்கும், மலையைத் தாண்டிக் கிளந்தானிலும், தெமியார் மக்கள். வடக்கே பாலிங் பக்கம் கென்சியு. தெற்கே நெகிரி செம்பிலான், சிலாங்கூரில் தெமுவான். ஜொகூரில் ஜாகுன், ஓராங் செலேத்தார். மா மெரி மக்களோ நம்மவர் உழைத்த கேரித் தீவிலேயே, செம்பனைக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். பெர்லிசிலும் பினாங்கிலும் இவர்களுக்குப் பூர்வீக ஊர்கள் இல்லை.

இந்த ஊர்க்கணக்கு நமக்கெதற்கு என்று கேட்பீர்கள். ஓராங் அஸ்லி நலன் கூட்டரசின் பொறுப்பு. நிலமோ மாநிலத்தின் கையில். ஒரே தெமியார் குடும்பத்தில் அண்ணன் பேராவிலும் தம்பி கிளந்தானிலும் இருந்தால், இருவர் நிலத்துக்கும் இரண்டு அரசாங்கம். கோடு கிழித்தவன் அவர்களைக் கேட்டா கிழித்தான்?

நிலத்தைப் பற்றிய சட்டம் 1954-ஆம் வருஷத்தியது. அவசரகாலத்தின் நடுவில் வந்தது. அந்தக் காலத்தில்தான் நம்மவரையும் சீனரையும் முள்வேலிக்குள் அடைத்தார்கள்; இந்தக் குனோங் ராபாட்டும் அப்படி எழுந்த புதுக்கிராமம்தானே. மலைவாசிகளையும் காட்டிலிருந்து இறக்கி முகாம்களில் வைத்தார்கள். வெயிலும் நோயும் தாங்காமல் பலர் மாண்டார்கள். அந்தச் சட்டப்படி, ஒதுக்கப்பட்ட இடத்தில் குடியிருக்க மாநிலம் தரும் உரிமை, எப்போது வேண்டுமானாலும் எழுப்பிவிடக்கூடிய குடிவாரத்தைவிட மேலானதல்ல. நிலத்தை வேறொருவருக்குக் கொடுத்தால் பழமரத்துக்கும் ரப்பர் மரத்துக்கும் நஷ்டஈடு உண்டு. மரத்துக்குத் தோழர்களே! மண்ணுக்கோ, மாநிலம் விரும்பினால் கொடுக்கலாம் என்றுதான் அதில் இருக்கிறது.

இது எங்கோ கேட்ட கதையாக இல்லையா? தோட்டம் கைமாறியபோது லயத்தில் மூன்று தலைமுறை இருந்த நம்மவர், வேலை போன அன்றே வீடும் போனவர்களாய் நின்றார்களே! நானே ஒரு தோட்டத்தில் மரங்களைக் கணக்கெடுத்து எழுதியிருக்கிறேன். நிரை நிரையாக எத்தனை மரம், எத்தனை பட்டை மிச்சம் என்றெல்லாம் அந்தப் புத்தகத்தில் இருந்தது. லயத்தில் எத்தனை குடும்பம் என்பதற்கு அதில் ஒரு பத்தியும் கிடையாது.

சிலாங்கூரில் டெங்கிலுக்கு அருகே புக்கிட் தம்போய் என்ற தெமுவான் கிராமம். விமான நிலைய நெடுஞ்சாலைக்காக 1995-இல் 38 ஏக்கரிலிருந்து அவர்களை எழுப்பினார்கள். மரத்துக்கும் வீட்டுக்கும் மட்டும் ஏதோ கொடுத்தார்கள். சாகோங் தாசி என்பவரும் மற்றவர்களும் கோர்ட்டுக்குப் போனார்கள். 2002-இல் ஷா ஆலாம் உயர்நீதிமன்றம், வழிவழியாக ஆண்ட நிலம் அவர்களுடையதே, நிலத்துக்கும் நஷ்டஈடு கொடு என்றது. 2005-இல் அப்பீலிலும் அதுவே நிலைத்தது. வழக்கை நடத்தியவர்கள் நம்மைப்போல் உழைத்துப் பிழைக்கிற சனங்கள்தாம்.

இன்னொன்று சொல்லி முடிக்கிறேன். செமாய் மொழியும் இந்தியாவில் சோட்டா நாகபுரியின் முண்டா மொழியும் தூரத்து உறவு. ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. அதே சோட்டா நாகபுரியில் ஒராவோன் மக்கள் பேசும் குடுக் மொழியோ நம் தமிழுக்கு உறவு. வெள்ளைக்காரன் நம்மை இங்கே ரப்பருக்குக் கொண்டுவந்ததுபோல, முண்டாக்களையும் ஒராவோன்களையும் அஸ்ஸாம் தேயிலைக்கு ஏற்றிச் சென்றான். சொந்த ஊரான ஜார்க்கண்டில் அவர்கள் பட்டியல் பழங்குடியினர். கொழுந்து பறிக்கப் போன அஸ்ஸாமில் அவர்கள் சந்ததிக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை. பல்லாண்டுகளாகக் கேட்டுப் போராடி வருகிறார்கள். அங்கே செமாய்க்கு உறவான மொழிக்காரரும் தமிழுக்கு உறவான மொழிக்காரரும் ஒரே நிரையில் நின்று கொழுந்து பறிக்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு கோப்பேங்குக்கு மேலே உலு கெரோ செமாய் கிராமத்துக்குச் சிலர் போகிறோம். அவர்கள் நிலத்துக்கு என்ன காகிதம் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வோம். நம் வீட்டு விவகாரத்தையும் சொல்வோம். வர விரும்புகிறவர்கள் சனிக்கிழமைக்குள் என்னிடம் பெயர் கொடுங்கள். பெத்தாய் வாங்கிய தோழரும் வருகிறார். இருபது காசு பாக்கி இருக்கிறதாம்.