காயல் வழியே பறவை காணல்



பறவைகளைக் காண வேண்டுமாயின் காட்டுக்குத்தான் போக வேண்டும் என்று எண்ணுவோர் பலர். காட்டில் இலைமறைவிலே குரல் கேட்கும், உருவம் தென்படாது. நீர்வழியிலோ பறவை நம் கண்ணெதிரே நிற்கும். கேரளத்து வேம்பநாட்டுக் காயல் இதற்கு நல்லதொரு சான்று.

காயல் என்பது யாது? மலையிலிருந்து இறங்கும் ஆற்றுநீரும் கடலிலிருந்து ஏறிவரும் உப்புநீரும் கலக்கும் இடம். நாம் வாவி என்றும் களப்பு என்றும் வழங்கும் நீர்நிலைகளுக்கு அது உறவுடையது. பம்பை, மீனச்சில், மூவாற்றுப்புழை முதலிய ஆறுகள் வேம்பநாட்டுக் காயலில் வந்து சேர்கின்றன. அதன் கீழ்க்கரையிலே குமரகம் என்னும் ஊரில் பறவைகளின் சரணாலயம் ஒன்று உண்டு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் வக்காவும் அங்கே மரங்களிற் கூடு கட்டுகின்றன. நவம்பர் முதல் பெப்ரவரி வரை வடதேசங்களிலிருந்து வாத்தினங்கள் விருந்தாக வருகின்றன.

அங்கு செல்வோர், யந்திரம் பூட்டாத சிறு வள்ளத்தை அமர்த்திக்கொள்வது நலம். சூரியோதயத்துக்கு முன்னரே புறப்பட்டு, வெயிலை முதுகுப்புறம் விட்டுச் செல்லல் வேண்டும். கரையில் நடந்து வரும் மனிதனைக் கண்டதும் எழுந்து பறக்கும் செந்நாரை, மெல்ல நகரும் வள்ளத்துக்கு அவ்வளவு அஞ்சுவதில்லை. பாம்புத்தாரா சிறகை விரித்து வெயிலில் உலர்த்துவதையும், மீன்கொத்தி அந்தரத்தில் நின்று சிறகடித்துப் பின் நீரிற் பாய்வதையும் ஆறுதலாகக் காணலாம். மிதக்கும் இலைகளின்மேல் இலைக்கோழி நடைபயிலும். அவ்வினத்திலே முட்டையிடுவது பெண். அடைகாத்துக் குஞ்சுகளைப் பேணுவதோ ஆண். கூடும் நீர்மேலேயே மிதப்பதால், விரைந்து செல்லும் படகின் அலை அதனைக் குலைத்துவிடக்கூடும். முன்னாளில் நெல் ஏற்றிச் சென்ற கெட்டுவள்ளங்கள் இன்று உல்லாசப் பிரயாணிகளின் மிதக்கும் இல்லங்களாகிவிட்டன. அவற்றின் யந்திர ஒலியிடையே பறவை காண விழைவது, சந்தை இரைச்சலில் வீணை கேட்க முயல்வதை ஒக்கும்.

நேயர்களே, காயலின் அழகை வியந்து திரும்பினால் மட்டும் போதாது. 1976ஆம் ஆண்டிலே தண்ணீர்முக்கம் என்னுமிடத்தில், காயலுக்குக் குறுக்கே கதவுகளுடன் கூடிய தடுப்பணை ஒன்று பயன்பாட்டுக்கு வந்தது. கடல்மட்டத்துக்குத் தாழ்ந்த குட்டநாட்டு நெல்வயல்களில் கோடையில் உப்புநீர் ஏறாது காப்பதே அதன் நோக்கம். வயல்கள் பயனடைந்தன. ஆயினும் கடலுக்கும் காயலுக்குமிடையே போய்வரும் மீனுக்கும் இறாலுக்கும் வழி அடைபட்டது. உப்புப் பட்டால் மடியக்கூடிய ஆகாயத்தாமரைக் களை பெருகலாயிற்று. அழுக்கை அள்ளிச் செல்லும் நீரோட்டமும் தளர்ந்தது. கதவுகளை எத்தனை நாள் அடைத்து வைப்பது என்பதில் உழவருக்கும் மீனவருக்கும் நெடுநாளாக வழக்கு உண்டு. இரு திறத்தாரும் தத்தம் சீவனத்துக்காகவே வாதிடுகின்றனர். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. அவ்வழக்கிலே வாய்திறந்து பேச இயலாத மூன்றாந் தரப்புத்தான் பறவை. மீன் குறைந்தால், மீனை உண்ணும் பறவையும் இடம்பெயர வேண்டியதே. 2002இல் இக்காயல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ்ச் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது. அவ்வேற்பு ஒரு மதிப்பு, அதுவே காவலாகிவிடாது.

அங்ஙனமாயின் பிரயாணி செய்யக்கூடியது யாது? 1933ஆம் ஆண்டிலே சாலிம் அலி என்னும் பறவையியலறிஞர் திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளில் ஆய்வு நடத்திப் பறவைகளைக் குறித்து வைத்தார். அத்தகைய குறிப்புகள் இருப்பதனாலன்றோ அன்று இருந்தது எது, இன்று அருகியது எது என ஒப்புநோக்க முடிகிறது! நீங்களும் சிறு கொப்பி ஒன்றை உடன் எடுத்துச் செல்லுங்கள். நாள், இடம், பறவையின் பெயர், கண்ட தொகை ஆகிய நான்கையும் எழுதுங்கள். பெயர் தெரியாவிடின் வள்ளக்காரரைக் கேளுங்கள். நூல்களில் இல்லாத செய்தியும் அவரிடம் இருக்கும். கூட்டை நெருங்க வேண்டாம். பறவையை எழுப்பிப் படம்பிடிக்கவும் வேண்டாம்.

வேம்பநாட்டுக்குச் செல்ல வாய்ப்பில்லாதோர் மனந்தளர வேண்டியதில்லை. இலைக்கோழியும் பாம்புத்தாராவும் நம் நாட்டு நீர்நிலைகளிலும் உள்ளன. அவற்றுக்கும் ஒரு கொப்பி வேண்டும்.