இயக்காமலே பிழை காணல்

வெளி மாநிலங்களில் குடியேறிய நம்மவர் பலருக்கு ஓர் அனுபவம் பொதுவானது. புதிய ஊரில் முகவரிச் சான்று கேட்டு ஓர் அலுவலகத்தை அணுகினால், வங்கிக் கணக்குப் புத்தகம் கொண்டு வாருங்கள் என்பார்கள். வங்கிக்குச் சென்றால், முகவரிச் சான்று எங்கே என்பார்கள். தனித்தனியே நோக்கினால் இரண்டு விதிகளும் நியாயமானவையே. சேர்த்து நோக்கும்போதுதான் அவை முடிவற்ற சுழல் என்பது விளங்கும். விதிகளை மொழிபெயர்ப்பதே தொழிலாகக் கொண்ட நாம், இத்தகைய சுழல் ஒன்றைச் சொல் பிசகாமல் தமிழாக்கித் தந்ததுண்டு. பிழை சொல்லில் இல்லை, விதியில் இருந்தது. அச்சேறிய பின்னரே அதனைக் கண்டோம்.

விதிகளையே கணிப்பொறிக்கு நிரலாக எழுதித் தரும் முறை ஒன்று உண்டு. அதனைத் தர்க்க நிரல் என்பர். 1972-ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டு மார்சேல் நகரில் கோல்மெரோவரும் அவர்தம் தோழர்களும் உருவாக்கிய ‘புரோலாக்’ இவ்வகையில் புகழ் பெற்ற மொழி. தந்தையின் தந்தை பாட்டனார் என்னும் விதியையும், இன்னாருக்கு இன்னார் தந்தை என்னும் செய்திகளையும் தந்துவிட்டால், யார் யாருக்குப் பாட்டனார் என்பதை யந்திரமே வருவித்துக்கொள்ளும். 1981-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டத்தில் பெரும்பகுதியை லண்டன் இம்பீரியல் கல்லூரி அறிஞர்கள் இம்முறையில் எழுதி, 1986-இல் வெளியிட்டனர். ஒருவர் ஒரு நாட்டின் குடிமகனா, அல்லரா என்பது அங்கே எழும் வினா. அதில் நேரும் பிழை சிறு பிழையாகாது.

அப்படியாயின் நிரலைச் சோதிப்பது எங்ஙனம்? ஆயிரம் மனுக்களுக்குச் சரியான விடை தந்த நிரல், ஆயிரத்தோராவது மனுவில் தவறலாம். எந்த நிரலைக் கொடுத்தாலும் அது முடிவுறுமா, சுழன்றுகொண்டே இருக்குமா என்று தவறாது தீர்ப்புரைக்கும் பொது முறை எதுவும் இருக்கவே முடியாது என 1936-இல் டூரிங் நிறுவிவிட்டார்.

இவ்விடர்ப்பாட்டுக்கு 1977-இல் பிரான்ஸ் நாட்டுக் கூஸோ தம்பதியர் ஒரு வழி காட்டினர். அதனை அருவப் பொருள்கோள் என்று தமிழில் வழங்கலாம். கருத்து எளியதே. -347-ஐ 29-ஆல் பெருக்கினால் வரும் விடை நேரெண்ணா, எதிரெண்ணா? பெருக்கிப் பாராமலே எதிரெண் என்கிறோம், குறிகளே போதும். அவ்விரண்டையும் கூட்டினால்? குறிகளை மட்டும் கொண்டு சொல்ல இயலாது. அங்கே ‘தெரியவில்லை’ என்பதே நேர்மையான விடை.

தர்க்க நிரலிலும் இவ்வாறே செய்கின்றனர். உண்மையான பெயர்களுக்கும் தேதிகளுக்கும் பதிலாக ‘பெயர்’, ‘எண்’, ‘இன்னும் அறியப்படாதது’ என்னும் பண்புகளை மட்டும் இட்டு, விதிகளைத் தொடர்ந்து செல்கின்றனர். மனுதாரர் 18 வயது நிறைந்தவரா என ஒரு வரி வினவுகிறது. பிறந்த தேதியைப் பெறும் வரியோ அதற்கு அடுத்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இல்லாத எண்ணை ஒப்பிட முயன்று நிரல் தடைப்படும். முதல் மனு வருமுன்பே ஆய்வு அதனைச் சுட்டிவிடும். தன்னையே திரும்ப அழைக்கும் விதி, ஒவ்வொரு சுற்றிலும் முன்னிலும் சிறிய வினாவை நோக்கிச் செல்கிறதா என்றும் ஆராயும். செல்லவில்லையெனில் சுழல் நேரலாம் என எச்சரிக்கும்.

மாட்ரிட் நகரில் உருவான ‘சியாவ்’ என்னும் அமைப்பில், நிரலின் அருகிலேயே நாம் எதிர்பார்ப்பதை எழுதி வைக்கலாம். ஆய்வு கண்டதை அதனுடன் ஒப்பிட்டு மூன்றில் ஒரு தீர்ப்பு வரும்: நிறைவேறும்; மீறப்படுகிறது; தெளியவில்லை. மீறப்பட்டால் பிழையைத் தேடவேண்டிய இடம் தெரிகிறது. தெளியாததை நிரல் ஓடும்போதே சோதிக்க விட்டுவிடலாம்.

நல்ல நிரலையும் இம்முறை சில வேளை ஐயுறும். ஆனால், தான் ஆராயும் பண்பைப் பொறுத்தவரை, கெட்டதை நல்லதென்று சொல்லாது. அதன் பெருமை அதுவே. எனினும், நாம் கேட்க மறந்ததை அது கேட்காது. விதி நீதியானதா என்பதையும் அது அறியாது. அப்பொறுப்பு மனிதருடையது. ஆகவே நாம் இப்போது ஒரு சுற்றறிக்கையை இருமுறை படிக்கிறோம்: சொற்களுக்காக ஒருமுறை, ஒவ்வொரு விதியும் மனுதாரரை எங்கே கொண்டு சேர்க்கிறது என்பதற்காக மற்றொருமுறை. விதி வகுத்தவரின் கவனக் குறைவுக்கு வரிசையில் நிற்பவரன்றோ விலை கொடுக்கிறார்.