பத்து ஆண்டுகளுக்குக் குறையாத தண்டனை



'குறையாத' என்பது சிறிய சொல். மத்திய அரசின் ஆவணங்களைத் தமிழாக்கும் தொழிலில் நாள்தோறும் நம் பேனாவைக் கடந்து போகும் சொல். ஆயினும் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில், 'பத்து ஆண்டுகளுக்குக் குறையாத கடுங்காவல்' என்னும் தொடரில் அது வரும்போது, நீதிபதியின் கையைக் கட்டிவிடும் வலிமை அதற்கு உண்டாகிறது. இக்கட்டு நியாயமானதுதானா என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

முன்பு வழக்கிலிருந்த 1930-ஆம் ஆண்டின் அபாயகர மருந்துகள் சட்டத்தில் முதற்குற்றத்திற்கு அதிகபட்சமே மூன்று ஆண்டுதான்; குறைந்தபட்சம் என ஒன்றும் இல்லை. கடத்தல்காரர்க்கு இது விளையாட்டாயிற்று. ஆகவே 1985 நவம்பர் 14-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், பெரும்பாலான குற்றங்களுக்குப் பத்து ஆண்டுச் சிறையும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் கீழெல்லை என வகுத்தது. சிறிது வைத்திருந்தவனும் மூட்டை மூட்டையாகக் கடத்தியவனும் பல வேளைகளில் ஒரே தட்டில் நிறுத்தப்பட்டனர். இக்குறையைப் போக்கவே 2001-ஆம் ஆண்டுத் திருத்தம் வந்தது. அதன்படி கஞ்சாவில் ஒரு கிலோ வரை சிறிய அளவு. இருபது கிலோவுக்கு மேற்பட்டால் வாணிக அளவு. ஹெராயினுக்கு இவ்வெல்லைகள் 5 கிராமும் 250 கிராமும் ஆகும். வாணிக அளவைத் தொட்டுவிட்டால் பத்து முதல் இருபது ஆண்டு. அதற்குக் கீழே குறைந்தபட்சம் கிடையாது.

ஆக, தராசே இங்கே பாதி நீதிபதி. பத்தொன்பது கிலோ கஞ்சாவுடன் பிடிபட்டவனுக்கு நீதிமன்றம் இரண்டு ஆண்டும் விதிக்கலாம், ஏழு ஆண்டும் விதிக்கலாம். இருபத்தொரு கிலோவானால் அந்த உரிமை போயிற்று.

ஒரு லாரி கிளீனரை எண்ணிப் பாருங்கள். ஓசூர் வழியாகப் பெங்களூருக்கு வரும் வண்டியில், சில ஆயிரம் ரூபாய்க்கு ஆசைப்பட்டு ஒரு மூட்டைக்குக் காவலிருக்க ஒப்புக்கொள்கிறான். உள்ளே இருப்பது இன்னதென அறிந்தே ஒப்புக்கொண்டான் என்றே வைத்துக்கொள்வோம். அவன் குற்றமற்றவன் அல்லன். மூட்டைக்கு உரியவனோ அத்திபெலே சாவடிப் பக்கமே வருவதில்லை. பிடிபடுவது கிளீனர். அவனுடைய வயது, வறுமை, இதற்குமுன் குற்றம் செய்யாத நடத்தை ஆகிய எதுவும் பத்தாண்டினின்று ஒரு நாளைக் கூடக் குறைக்க உதவா. அபராதம் கட்ட வழியின்றேல் மேலும் சிறை. இச்சட்டத்தில் குறைந்தபட்சத்திற்கு மேலே தண்டிப்பதற்குரிய காரணங்களைக் கூறும் பிரிவு உண்டு. கீழே இறங்குவதற்கு வழிகாட்டும் பிரிவு இல்லை. நம் கருத்தில் சட்டத்தின் பெருங்குறை இதுவே.

எதை எடை போடுவது என்பதிலும் சிக்கல் உண்டு. 2008-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்திற்கு வந்த வழக்கொன்றில் பிடிபட்ட தூள் நான்கு கிலோவுக்குச் சற்று மேல். அதில் கலந்திருந்த ஹெராயினோ ஏறத்தாழ 60 கிராம். ஹெராயினை மட்டுமே கணக்கிட வேண்டும் என்று அன்று தீர்ப்பாயிற்று. மறு ஆண்டே கலவை முழுவதையும் எடை போடுமாறு அரசு அறிவிக்கை வெளியிட்டது. 2020-இல் மூன்று நீதிபதிகள் கொண்ட ஆயம், முழு எடையே சரி என முடிவு கட்டிற்று. கலப்பட மாவுக்கும் சேர்த்துச் சிறை!

நம் பெங்களூரிலேயே 2022-இல் ஒருவரிடம் 29 கிலோ பங்கும் 400 கிராம் கஞ்சாவும் பிடிபட்டன. பங்கைக் கஞ்சாவென்று கொண்டால் பத்தாண்டுக்குக் குறையாது. ஆனால் பூக்கும் நுனிகளோடு சேராத வெறும் இலை, சட்டத்தின் கஞ்சா வரையறைக்கு வெளியே நிற்பது. இதனைக் கருதிக் கர்நாடக உயர் நீதிமன்றம் அவருக்கு ஜாமீன் வழங்கிற்று. செடியின் எந்தப் பாகம் என்பதில் பத்து ஆண்டுகள் தொங்குகின்றன.

கோவலன் கையில் சிலம்பு இருந்தது. அதுவே போதுமென்று பாண்டியன் முடிவு செய்தான். கையில் இருந்த பொருளை மட்டும் பார்த்து ஆளைப் பாராத தீர்ப்பின் கதையைத் தமிழருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

எதிர்வாதத்தையும் புறக்கணித்தல் ஆகாது. நீதிபதிக்கு நீதிபதி தண்டனை மாறினால் பணமும் செல்வாக்கும் உள்ளவன் தப்புவான் என்கின்றனர். அது வீண் அச்சம் அன்று. பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியுள்ள பெற்றோர் கடுமையை விரும்புவதும் இயல்பே. ஆனால் கடல் கடந்து பாருங்கள். மலேசியத் தமிழர் ஒருவர் 42 கிராமுக்குச் சற்று மேற்பட்ட ஹெராயினைச் சிங்கப்பூருக்குள் கொண்டுசென்றமைக்காக 2010-இல் தண்டனை பெற்று, 2022 ஏப்ரல் 27-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். அவருடைய அறிவுத்திறன் குறைவு பற்றி எழுந்த வாதங்கள் அவரைக் காக்கவில்லை. அடுத்த ஆண்டே மலேசியா, கட்டாய மரண தண்டனையை ஒழித்து, முடிவை நீதிபதியிடம் ஒப்படைத்தது. நம் நாட்டிலும் 1983-இல் உச்ச நீதிமன்றம், ஆயுள் கைதி கொலை செய்தால் தூக்கு ஒன்றே என்ற பிரிவைச் செல்லாதாக்கியது.

குறைந்தபட்சத்தை அடியோடு நீக்குமாறு நாம் கூறவில்லை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தைப் பாருங்கள். அதில் சில குற்றங்களுக்குக் கீழெல்லை உண்டு. அதனோடு, போதிய தனிக் காரணங்களைத் தீர்ப்பில் பதிந்துவிட்டு நீதிபதி அதற்கும் கீழே இறங்கலாம் என்ற விதிவிலக்கும் உண்டு. எழுதப்பட்ட காரணத்தை மேல் நீதிமன்றம் சோதித்துப் பார்க்கவும் முடியும். துப்பாக்கி வைத்திருந்தவனுக்கு இடந்தரும் இந்த வாசகத்தை மூட்டை காத்தவனுக்கும் நீட்டுவதற்கு ஒரு வரி போதும்.

அதுவரை, அயல் மாநிலங்களில் வாழும் நம்மவர் ஒன்றை அறிந்திருத்தல் நலம். உடலைச் சோதிக்க வரும் அதிகாரி, மாஜிஸ்திரேட் அல்லது கெஜடெட் அதிகாரி முன்னிலையில் சோதிக்கப்படும் உரிமை உண்டென்று முதலில் சொல்லியாக வேண்டும் என 1999-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு ஆயம் தீர்ப்பளித்தது. பைக்கும் மூட்டைக்கும் இவ்வுரிமை பொருந்தாது. சொல்வது புரியாத மொழியில் இருந்தால், தெரிந்த மொழியில் சொல்லுமாறு கேட்ட பின்னரே எந்தத் தாளிலும் கையொப்பமிட வேண்டும்.