பனித்துளியும் குடிநீரே
(ஜமாஅத் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

வற்றாத பொருநை பாயும் சீமையில் பிறந்த நமக்கு, குடிநீருக்குத் தவிக்கும் நாள் வரும் என்ற எண்ணமே எழுவதில்லை. ஆனால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நேர்ந்தது என்ன? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை கடந்தது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டனர். மின்சாரம் நின்றால் மோட்டார் ஓடாது, மேல்தொட்டி நிரம்பாது. வாசல்வரை நிற்கும் வெள்ளமோ குடிக்கத்தக்கதன்று.

அவ்வேளையில் ஒரு வெள்ளைத் துணி உயிர் காக்கும். மழை பெய்யும்போது, துவைத்த வேட்டியின் நான்கு முனைகளையும் மொட்டைமாடியில் உயரக் கட்டி, நடுவே கழுவிய கல்லொன்றை வைத்தால், நீர் அங்கே கூடிக் கீழுள்ள பாத்திரத்தில் வடியும்.

மழை ஓய்ந்தபின் பனி உண்டு. மார்கழி, தை மாதங்களில், வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவுகளில், புல்லும் தகரமும் வெப்பத்தை இழந்து குளிர்கின்றன. காற்றிலுள்ள ஈரம் அவற்றின்மேல் துளியாகப் படிகிறது. சூரியன் எழுமுன் சுத்தமான பருத்தித் துணியால் அதனை ஒற்றிப் பிழிந்தெடுக்கலாம். கணுக்காலில் துணியைச் சுற்றிப் புல்வெளியில் நடப்பதும் ஒரு வழி. பூச்சிமருந்து தெளித்த வயலையும், வெள்ளச்சேறு படிந்த புல்லையும் தவிர்க்க வேண்டும். கிடைத்ததை வடிகட்டிக் கொதிக்க வைத்தே பருக வேண்டும்.

ஒரு சதுர மீட்டரில் ஓர் இரவுக்கு அரை லிட்டர் கிடைப்பதே அரிது. ஆயினும் இது வீண்வேலையன்று. குஜராத்தின் கச்சுப் பகுதியிலுள்ள கொத்தாராவில், அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகப் பேராசிரியர் கிரிஜா சரண் 2000களில் கூரைகளில் படியும் பனிநீரைச் சேகரித்துக் காட்டினார்.

அவ்வாறு பெற்ற நீர் எதற்கு உரியது? பனிநீர் உளூவுக்கும் ஏற்ற தூய நீரே. எனினும் தாகத்திற்கு அது தேவைப்படும்போது, அதனைக் குடிப்பதற்கு வைத்துவிட்டுத் தயம்மும் செய்ய வேண்டும் என்பதே மார்க்கச் சட்டம். நம் தாகம் மட்டுமன்று. அண்டை வீட்டாரின் தாகமும், வளர்க்கும் ஆடுமாட்டின் தாகமும் இதில் அடங்கும்.

இரு கைகளும் சேர்த்து அள்ளும் அளவு நீரில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் உளூச் செய்தார்கள். நாமோ குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறோம். துணியைப் பிழிந்து ஒரு குவளை நீர் சேர்த்தவருக்கே அதன் அருமை விளங்கும்.

ஆகவே, ஐப்பசி பிறக்குமுன் ஒவ்வொரு வீட்டிலும் மூடியுள்ள பாத்திரங்களில் குடிநீரும், துவைத்த வெள்ளைத் துணியும் ஆயத்தமாக இருக்கட்டும். பிள்ளைகளுக்கும் இம்முறைகளைக் கற்றுக்கொடுப்போம்.

வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் காத்தருள்வானாக! ஆமீன்.